நாகைக் கரையிலிருந்து அகழியைப் படிப்பது: நிலநடுக்கத்தையும் மெது நழுவலையும் ஆராய ஒரு முழுமையான வழிகாட்டி

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நம் நேரப்படி காலை 6 மணி 28 நிமிடத்துக்குச் சுமத்ராவின் வடமேற்கே கடலடித் தரை நழுவத் தொடங்கியது. எங்கள் வீட்டில் யாரும் எதையும் உணரவில்லை. ஒன்பது மணி வாக்கில் கடல் ஊருக்குள் வந்துவிட்டது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். அரையாண்டு விடுமுறைக்கு முன்பு என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களில் சிலர் ஜனவரியில் பள்ளிக்கு வரவில்லை.

சில ஆண்டுகள் கழித்து அக்கரைப்பேட்டையில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கேட்டார்: “தரை ஆடவே இல்லையே தம்பி, அப்புறம் அலை மட்டும் எங்கேருந்து வந்துச்சு?” நான் இயற்பியல் படித்தவன். என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அதைத் தேடிப் போய்க் கற்றுக்கொண்டதுதான் இந்த வழிகாட்டி. பல்கலைக்கழக ஆய்வகம் வேண்டாம். ஒரு கணினி, இணையம், விரிதாள் மென்பொருள், ஒரு நோட்டு, அப்புறம் சில மாதங்கள் பொறுமை. பத்தாம் வகுப்புக் கணக்கு தெரிந்தால் பெரும்பகுதியைச் செய்துவிடலாம்.

படி 1: அகழி எங்கே, நாம் எங்கே

முதலில் வரைபடத்தைத் திறந்து தூரத்தை அளந்து பாருங்கள். காவிரி டெல்டா இந்தியப் புவித்தட்டின் நடுப்பகுதியில், வண்டல் படிந்த அமைதியான கரையில் இருக்கிறது. நம் காலடியில் தட்டுகள் மோதவில்லை. மோதுகிற இடம் கிழக்கே, அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கு மேற்கு ஓரமாக ஓடுகிற ஆழ்கடல் அகழி. நாகப்பட்டினத்திலிருந்து நேர் கிழக்கே சுமார் 1,300 கி.மீ. அங்கே இந்தியத் தட்டு, தீவுகளைத் தாங்கும் தட்டுக்கு அடியில் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் சரிந்து இறங்குகிறது. இதைத்தான் கீழமிழ்வு மண்டலம் என்கிறோம். இந்த அகழி தெற்கே சுமத்ரா, ஜாவா வரை ஒரே வளைவாகப் போகிறது.

இப்போது ஒரு கணக்கு. சுனாமியின் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது. ஆழத்தை 9.8-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று வரும். வங்கக்கடலின் ஆழத்தை 3,500 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீனவர் கணக்கில் சுமார் 1,900 பாகம். விடை வினாடிக்கு 185 மீட்டர், மணிக்குச் சுமார் 670 கி.மீ. 1,300 கி.மீ. கடக்க இரண்டு மணி நேரம். கரையருகே ஆழம் குறைவதால் வேகமும் குறையும், இன்னும் சிறிது நேரம் சேரும். 6.28-உடன் இதைக் கூட்டிப் பாருங்கள், அந்தக் காலை ஒன்பது மணி எங்கிருந்து வந்தது என்று புரியும்.

நிலநடுக்கத்தின் மையம் நாகையிலிருந்து சுமார் 2,000 கி.மீ. தள்ளி இருந்தது. அங்கிருந்தே அலை கிளம்பியிருந்தால் கணக்கில் மூன்று மணி நேரம் வர வேண்டும். அதற்கு முன்பே அலை வந்ததற்குக் காரணம், பிளவு ஒரு புள்ளியில் நிற்காமல் வடக்கே அந்தமான் வரை சுமார் 1,300 கி.மீ. நீளத்துக்குக் கிழிந்துகொண்டு போனது. வரைபடத்தில் மையம் என்று குறிக்கும் புள்ளி, கிழிசல் தொடங்கிய இடம் மட்டுமே. இந்த ஒன்றை மனதில் பதித்துக்கொண்டால் செய்தித்தாளில் நிலநடுக்கச் செய்தி படிக்கும் விதமே மாறிவிடும்.

படி 2: செங்கல்லும் சைக்கிள் டியூபும்

கணினியைத் தொடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். ஒரு செங்கல்லின் அடியில் உப்புத்தாள் ஒட்டி சிமெண்டுத் தரையில் வையுங்கள். செங்கல்லில் கயிறு கட்டி, கயிற்றின் நடுவே சைக்கிள் டியூபிலிருந்து நறுக்கிய ரப்பர் பட்டையைச் சேருங்கள். மறுமுனையை மெதுவாக, ஒரே சீராக இழுங்கள். ரப்பர் நீளும், செங்கல் அசையாது. இன்னும் இழுத்தால் ஒரு கணத்தில் தாவி முன்னே வரும். மறுபடி நிற்கும்.

உங்கள் கைதான் புவித்தட்டு. ரப்பரில் சேர்ந்தது பாறையின் திரிபு. தாவல்தான் நிலநடுக்கம். ஒவ்வொரு தாவலுக்கும் முன் ரப்பரின் நீளத்தை அளந்து எழுதுங்கள். இருபது முறை செய்தாலும் ஒரே நீளத்தில் தாவாது. அந்த இருபது எண்களையும் நோட்டில் பத்திரமாக வைத்திருங்கள், கடைசிப் படியில் தேவைப்படும்.

அடுத்து, உப்புத்தாளை எடுத்துவிட்டு, செங்கல்லுக்கு அடியில் குழைந்த வயல் களிமண்ணைப் பரப்புங்கள். செங்கல் நிற்காமல் ஊர்ந்துகொண்டே வரும். இதற்குத் தொடர் ஊர்தல் என்று பெயர். அகழிகளின் சில பகுதிகள் இப்படித்தான் நகர்கின்றன, அங்கே திரிபு அதிகம் சேராது.

இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் மெது நழுவல். நிற்கும், சேர்த்துவைக்கும், பிறகு நழுவத் தொடங்கும். ஆனால் தாவாது. நாட்கணக்கில், வாரக்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில் நழுவிவிட்டு மறுபடி ஒட்டிக்கொள்ளும். களிமண்ணில் மணல் கலந்து, ஈரத்தைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள், அந்த நடுநிலைக்கு நெருங்கி வரலாம். பூமிக்குள் என்ன நடக்கிறது? மேல் பகுதி உராய்வால் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆழம் போகப் போகச் சூடு ஏறி, ஏறக்குறைய 350 பாகை செல்சியஸைத் தாண்டினால் பாறை ஒட்டும் தன்மையை இழக்கத் தொடங்கும். இறங்கும் தட்டிலிருந்து பிழிந்து வரும் நீர் மிகுந்த அழுத்தத்தில் இடையில் சிக்கி, பாறைகளைச் சற்றே தூக்கிப் பிடிக்கும். ஒட்டுகிற பகுதிக்கும் ஊர்கிற பகுதிக்கும் இடைப்பட்ட அந்த விளிம்பில்தான் மெது நழுவல் பெரும்பாலும் நடக்கிறது.

படி 3: நிலநடுக்கப் பட்டியலை இறக்குதல்

அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனமான யூ.எஸ்.ஜி.எஸ். உலக நிலநடுக்கப் பட்டியலை இலவசமாகத் தருகிறது. தேடல் பக்கத்தில் பெட்டி ஒன்று வரையலாம். அட்சம் 0 முதல் 15 வடக்கு, தீர்க்கம் 90 முதல் 98 கிழக்கு, தொடக்கம் 1976, அளவு 5-க்கு மேல் என்று கொடுங்கள். சி.எஸ்.வி. கோப்பாக இறக்கி விரிதாளில் திறவுங்கள். ஒரே தேடலில் 20,000 நிகழ்வுகள்தான் தரும். அளவைக் குறைத்துத் தேடினால் ஆண்டுகளாகப் பிரித்து இறக்க வேண்டியிருக்கும்.

இங்கே புதியவர்கள் தடுக்கி விழும் மூன்று இடங்கள் உண்டு.

நேரம் எல்லாம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். 5 மணி 30 நிமிடம் கூட்டினால்தான் நம் நேரம். நள்ளிரவு நிகழ்வுகளில் தேதியே மாறிவிடும், கவனம்.

இரண்டாவது, ஆழம். பட்டியலில் ஏராளமான நிலநடுக்கங்கள் சரியாக 10 கி.மீ. அல்லது சரியாக 33 கி.மீ. ஆழத்தில் நடந்ததுபோல் இருக்கும். பூமி அப்படி முழு எண் பார்த்து நடுங்காது. ஆழத்தைச் சரியாகக் கணிக்க முடியாதபோது வைக்கப்படும் நிரப்பு எண்கள் அவை. ஆழத்தைக் காட்டும் வெட்டுமுகம் வரையும்போது அவற்றைத் தனி நிறத்தில் போடுங்கள், இல்லாவிட்டால் கடலுக்கடியில் ஒரு மட்டமான தரை இருப்பதாக நம்பிவிடுவீர்கள்.

மூன்றாவது, பழைய ஆண்டுகளில் சிறிய நிலநடுக்கங்கள் குறைவாகத் தெரியும். அப்போது கருவிகள் குறைவு, அவ்வளவுதான். “நிலநடுக்கங்கள் கூடிக்கொண்டே போகின்றன” என்று பரவும் பல படங்கள் இந்தக் குழப்பத்தில் பிறந்தவை.

இப்போது இரண்டு வரைபடங்கள். முதலாவதில் கிடை அச்சில் தேதி, நெடு அச்சில் அட்சம். 2004 டிசம்பர் 26-க்கு நேரே 3 பாகையிலிருந்து ஏறக்குறைய 14 பாகை வரை புள்ளிகள் சுவர்போல் எழும்பி நிற்கும். அந்தச் சுவரின் உயரம்தான் கிழிந்த நீளம். சுவருக்குப் பின் புள்ளிகள் மெல்ல மெல்ல அடர்த்தி குறைவதைப் பாருங்கள், பின்னதிர்வுகள் ஓயும் விதம் அது. 2005 மார்ச் 28-இல், கொஞ்சம் தெற்கே, நியாஸ் தீவருகே 8.6 அளவில் இன்னொரு சுவர். முதல் கிழிசல் நின்ற இடத்துக்கு அடுத்த துண்டு மூன்றே மாதத்தில் போனது.

இரண்டாவது வரைபடத்தில் கிடை அச்சில் அகழியிலிருந்து கிழக்கே தூரம், நெடு அச்சில் கீழ்நோக்கி ஆழம். ஒரு தீர்க்கப் பாகைக்குச் சுமார் 110 கி.மீ. என்று கொள்ளலாம். புள்ளிகள் கிழக்கே போகப் போக ஆழமாகச் சரிந்து இறங்கும். அமிழ்ந்துகொண்டிருக்கும் தட்டை உங்கள் விரிதாளில் நீங்களே பார்க்கிறீர்கள். ஜப்பானின் வதாட்டியும் அமெரிக்காவின் பெனியாஃபும் தனித்தனியே கண்ட சரிவு இது, அவர்கள் பெயரிலேயே வழங்குகிறது. முதல் முறை இந்தச் சரிவு திரையில் வந்தபோது நான் எழுந்து போய் அம்மாவைக் கூட்டிவந்து காட்டினேன்.

படி 4: பந்துப் படம் படிப்பது

ஒவ்வொரு பெரிய நிலநடுக்கத்துக்கும், பிளவு எந்த விதமாக நழுவியது என்று காட்டும் ஒரு பந்துப் படம் கறுப்பு வெள்ளையில் கிடைக்கும். 1976-லிருந்து உலகளாவிய தொகுப்பு ஒன்று இதற்கென்றே இருக்கிறது. நடுவில் கறுப்பு, இருபுறமும் வெள்ளை என்றால் ஒன்றின்மேல் ஒன்று ஏறிய நழுவல். நான்கு கால்பகுதிகளாகக் குறுக்கே பிரிந்திருந்தால் பக்கவாட்டு நழுவல். நடுவில் வெள்ளை என்றால் இழுபட்டு இறங்கியது.

இது எதற்கு உதவும்? 2012 ஏப்ரல் 11 பிற்பகல் 2 மணி 8 நிமிடத்துக்குச் சுமத்ரா அருகே 8.6 அளவில் ஒன்று வந்தது. நம் கரையில் எல்லோரும் ஓடினோம். பெரிய அலை வரவில்லை. பந்துப் படத்தைப் பாருங்கள், பக்கவாட்டு நழுவல். இடத்தையும் பாருங்கள், அகழிக்கு மேற்கே, தட்டுகள் கூடும் இடத்தில் இல்லாமல் தட்டின் உள்ளேயே. தரை பக்கவாட்டில் நகர்ந்தால் தண்ணீரை மேலே தூக்காது. அன்று ஓடியது சரிதான், இனியும் ஓடத்தான் வேண்டும். பந்துப் படம் வருவதற்கு நேரம் ஆகும், அலை அதற்காகக் காத்திருக்காது.

படி 5: அளவைக் கணக்கிடுதல்

ரிக்டர் என்று நாம் பேச்சில் சொல்வதைப் பெரிய நிலநடுக்கங்களுக்கு இப்போது பயன்படுத்துவதில்லை. மொமென்ட் என்ற ஒன்றிலிருந்து அளவைப் பெறுகிறார்கள். பாறையின் விறைப்பு, நழுவிய பரப்பு, நழுவிய தூரம், மூன்றையும் பெருக்கினால் மொமென்ட். அதன் பத்தடி மடக்கையிலிருந்து (log) 9.1-ஐக் கழித்து, மூன்றில் இரண்டு பங்கு எடுத்தால் அளவு.

2004-க்குப் போட்டுப் பார்ப்போம். விறைப்பு 3,000 கோடி பாஸ்கல். நீளம் 1,300 கி.மீ., அகலம் 150 கி.மீ., சராசரி நழுவல் 10 மீட்டர் என்று கொள்ளுங்கள். எல்லாவற்றையும் மீட்டரில் மாற்றிப் பெருக்கினால் 10-இன் 22-ஆம் அடுக்கைப் போல் ஏறக்குறைய 5.9 மடங்கு. அளவு 9.1.

இதே கணக்கை ஒரு மெது நழுவலுக்குப் போடுங்கள். நீளம் 300 கி.மீ., அகலம் 70 கி.மீ., நழுவல் வெறும் 3 செ.மீ. விடை சுமார் 6.8. இந்த அளவு நிலநடுக்கம் ஒரு ஊருக்கு அடியில் வந்தால் கட்டடங்கள் இடியும். ஆனால் இதே நழுவல் இரண்டு மூன்று வாரத்தில் நடந்தால், மேலே தூங்குகிற குழந்தைகூட விழிக்காது. என்னை இந்தத் துறைக்குள் இழுத்துப் போட்டது இந்த இடம்தான்.

படி 6: ஜி.பி.எஸ். கோடுகளில் மெது நழுவலைப் பிடித்தல்

நேரம் அதிகம் செலவிட வேண்டிய படி இது. மெது நழுவல் அதிர்வுமானியில் தெரியாது, அது போதுமான அதிர்வை உண்டாக்குவதில்லை. பாறையில் நிரந்தரமாக நட்ட ஜி.பி.எஸ். நிலையம் தினமும் எங்கே இருக்கிறது என்று மில்லிமீட்டர் கணக்கில் பார்த்தால்தான் தெரியும். 1999-இல் கனடாவின் வான்கூவர் தீவுப் பகுதியில் சில நிலையங்கள் வழக்கமான திசைக்கு எதிராக நகர்ந்ததைக் கண்டு, டிராகெர்ட்டும் உடன் பணியாற்றியவர்களும் 2001-இல் வெளியிட்டார்கள். அங்கே சுமார் 14 மாதத்துக்கு ஒருமுறை இது திரும்பத் திரும்ப நடக்கிறது.

நெவாடா பல்கலைக்கழகத்தின் புவியளவை ஆய்வகம், உலகின் பல்லாயிரம் நிலையங்களின் தினசரி இருப்பிடத்தைக் கணக்கிட்டு இலவசமாகத் தருகிறது. தொடங்குவதற்கு ஏ.எல்.பி.எச். என்ற நிலையத்தை எடுங்கள். வான்கூவர் தீவின் தென்முனையில் இருக்கிறது. நம் அந்தமானையோ சுமத்ராவையோ முதலில் எடுக்காதீர்கள். ஆசை இருக்கும், எனக்கும் இருந்தது. 2004-க்குப் பிறகு அங்கே தரை ஆண்டுக்கணக்கில் அடங்காமல் நகர்ந்துகொண்டிருந்தது. அந்த வளைந்த கோடுகளில் சின்ன நழுவலைத் தேடுவது, வெள்ளம் வடியாத வாய்க்காலில் மதகின் கசிவைத் தேடுவதுபோல. சுத்தமான கோட்டில் பழகிய பிறகு அங்கே வாருங்கள்.

கோப்பைத் திறந்தால் தேதி, தசம ஆண்டு, பிறகு கிழக்கு, வடக்கு, மேல் என்ற மூன்று திசை இருப்பிடங்கள் இருக்கும். கிழக்கு இருப்பிடம் முழு மீட்டர் ஒரு பத்தியிலும் மீதிப் பின்னம் அடுத்த பத்தியிலுமாகப் பிரிந்திருக்கும். இரண்டையும் கூட்டிக்கொள்ளுங்கள். மறந்தால் எங்கோ ஒரு இடத்தில் ஒரு மீட்டர் தாவல் தெரிந்து பயந்துபோவீர்கள்.

கிழக்கு இருப்பிடத்தைத் தேதிக்கு எதிராக வரையுங்கள். ஒரு நீண்ட சாய்கோடு வரும். தட்டின் மொத்த நகர்வு அதில் அடங்கியிருக்கிறது. விரிதாளிலேயே நேர்கோடு பொருத்தி, அதைக் கழியுங்கள். மிச்சத்தை மில்லிமீட்டரில் வரைந்தால் ரம்பப் பற்கள் போன்ற வடிவம் எழும். மாதக்கணக்கில் மெல்லக் கிழக்கே ஏறும், பிறகு இரண்டு வாரத்தில் சுமார் 5 மி.மீ. மேற்கே இறங்கும். மறுபடி ஏறும். ஏற்றத்தின்போது ஆழத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, இறக்கத்தின்போது நழுவுகிறது. தினசரிப் புள்ளிகள் ஓரிரு மில்லிமீட்டர் சிதறும் என்பதால் ஏழு நாள் நகரும் சராசரி எடுத்தால் தெளிவாகத் தெரியும்.

பல்லைப் பார்த்தவுடன் நம்பிவிடக் கூடாது. மூன்று சோதனைகள் செய்யுங்கள். அக்கம்பக்கத்து நிலையங்களிலும் அதே வாரத்தில் இறக்கம் இருக்கிறதா? ஒரே நிலையத்தில் மட்டும் இருந்தால் அது நிலத்தின் வேலை இல்லை, நிலையத்தின் வேலை. பருவத்தோடு சேர்ந்து வருகிறதா? மழைநீரின் எடையில் தரை கீழே அமுங்கி, கோடையில் எழும்பும். பெரிய நீர்த்தேக்கம் நிரம்பினாலும் சுற்றுப்புற நிலம் சில மில்லிமீட்டர் அசையும். மூன்றாவது, ஒரே நாளில் நடந்ததா? நான் சுமத்ரா நிலையம் ஒன்றில் ஒரு சென்டிமீட்டர் இறக்கத்தைப் பார்த்து இரண்டு நாள் தூங்காமல் கணக்குப் போட்டேன். அது ஒரு நாளில் நிகழ்ந்திருந்தது. அதே ஆய்வகம் தரும் தாவல் பட்டியலைத் திறந்தபோது அந்தத் தேதியில் ஆண்டெனா மாற்றம் என்று இருந்தது. அன்றிலிருந்து அந்தப் பட்டியலைத் திறக்காமல் எந்தக் கோட்டையும் நான் வரைவதில்லை.

பழகிய பின் நியூசிலாந்தின் கிஸ்போர்ன் நிலையத்தைப் பாருங்கள். அங்கே மெது நழுவல் ஆழமில்லாத இடத்தில், கடலடியிலேயே நடப்பதால் இறக்கம் பெரிதாகத் தெரியும். மெக்சிகோவின் குவெரேரோவில் 2001-02-இல் நடந்தது மாதக்கணக்கில் நீடித்து, அளவில் சுமார் 7.5-ஐ எட்டியது. ஜப்பானின் புங்கோ நீரிணையில் ஆறேழு ஆண்டுக்கு ஒருமுறை வந்து ஓராண்டு வரை நீடிக்கும். ஒவ்வொரு அகழிக்கும் அதனதன் போக்கு.

படி 7: முனகலைக் கேட்டல்

2002-இல் ஜப்பானின் ஒபாரா, ஆழத்திலிருந்து வரும் வித்தியாசமான அதிர்வுகளை விவரித்தார். ட்ரெமர் என்கிறார்கள், நான் முனகல் என்று சொல்லிப் பழகிவிட்டேன். சாதாரண நிலநடுக்கம் திருவிழா வேட்டுபோல. முதலில் வேகமான பி அலை, பிறகு அதற்குப் பின்தங்கி வரும் எஸ் அலை, பிறகு அடங்கும். முனகல், அடுத்த ஊர் நெல் அரவை மில்லின் ஓசைபோல. எப்போது தொடங்கியது என்று சொல்ல முடியாது, மணிக்கணக்கில் இருக்கும். 2003-இல் ராஜர்ஸும் டிராகெர்ட்டும், கனடாவில் ஜி.பி.எஸ். பின்வாங்கும் அதே நாட்களில் முனகலும் வருகிறது என்று காட்டினார்கள்.

அமெரிக்காவின் பசிபிக் வடமேற்கு நில அதிர்வு வலையமைப்பு முனகல்களின் இடத்தையும் நேரத்தையும் பட்டியலிட்டுத் தருகிறது. வான்கூவர் தீவுப் பகுதிக்கான பட்டியலை இறக்கி, நாளொன்றுக்கு எத்தனை என்று எண்ணி, ஏ.எல்.பி.எச். கோட்டுக்கு அடியில் அதே தேதி அச்சில் பட்டைகளாக வரையுங்கள். ரம்பப் பல் இறங்கும் இடத்திலெல்லாம் பட்டைகள் உயர்ந்து நிற்கும். பிறகு வரைபடத்தில் நாள்வாரியாக நிறம் மாற்றிப் புள்ளி வையுங்கள். முனகல் பிளவின் நீளவாக்கில் நாளுக்கு 10 கி.மீ. அளவில் நகர்வது தெரியும். நாகையிலிருந்து வேளாங்கண்ணி தூரத்தை ஒரு நாள் எடுத்து நடக்கிற வேகம்.

மூல அலைவடிவத்தைப் பார்க்க வேண்டும் என்றால் பைதான் நிரல்மொழியில் ஓப்ஸ்பை என்ற இலவசத் தொகுப்பு இருக்கிறது. இணையத்திலேயே நிரல் ஓட்டும் கூகுள் கோலாப்பில் ஓட்டினால் சொந்தக் கணினியில் எதையும் நிறுவ வேண்டியதில்லை. அந்தப் பகுதியின் ஐந்தாறு நிலையங்களை ஒரே இரவுக்கு எடுத்து, வினாடிக்கு 2 முதல் 8 அதிர்வு வரை மட்டும் வடிகட்டி, ஒன்றன்கீழ் ஒன்றாக வரையுங்கள். எல்லா நிலையங்களிலும் ஒரே சமயத்தில் தடித்து மெலிந்தால் அது முனகல். ஒன்றில் மட்டும் இருந்தால் லாரியோ காற்றோ.

ஓப்ஸ்பை கைவந்ததும் இலங்கையின் பல்லேகெலே நிலையத்தின் 2004 டிசம்பர் 26 பதிவை எடுத்துப் பாருங்கள். உலக வலையமைப்பில் நம் டெல்டாவுக்குப் பக்கத்தில் இருப்பது அதுதான். அன்று இலங்கையில் தரை ஏறி இறங்கியது சுமார் 9 செ.மீ. அவ்வளவு அசைந்தும் பலருக்கு உறைக்கவில்லை என்றால், அலைகள் அவ்வளவு நீளமாக, அவ்வளவு நிதானமாகக் கடந்து போயிருக்கின்றன. பெரியவரின் கேள்விக்குப் பாதிப் பதில் இங்கே இருக்கிறது. மீதியை ஆய்வாளர்கள் 2005-இலேயே சொல்லிவிட்டார்கள். கிழிசல் தெற்கே வேகமாகத் தொடங்கி, வடக்கே அந்தமான் பக்கத்தில் மிக மெதுவான நழுவலும் சேர்ந்துகொண்டது.

ராஸ்பெர்ரி ஷேக் போன்ற சிறு அதிர்வுமானியை வீட்டில் வைக்கலாமா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். வைக்கலாம். ஆனால் நம் வண்டல் மண் மெத்தென்றது, போர் மோட்டார் ஓடினாலும் பஸ் போனாலும் பதிவாகும். சுமத்ராவின் பெரிய நிலநடுக்கங்கள் தெரியும், முனகல் தெரியாது.

படி 8: கடலடியில் காது வைத்தல்

கரையில் இருக்கும் ஜி.பி.எஸ்.ஸுக்கு அகழியோரம் நடப்பது எட்டாது. 2014-15-இல் நியூசிலாந்துக்கு அப்பால் கடலடியில் அழுத்தமானிகளை இறக்கினார்கள். தரை எழும்பினால் மேலே நிற்கும் தண்ணீர் குறையும், அழுத்தமும் குறையும். சில சென்டிமீட்டர் எழுச்சி பதிவானது. அகழிக்கு மிக அருகே, கடல்தரைக்கு இரண்டு கி.மீ. ஆழத்துக்குள்ளேயே நழுவல் வந்திருந்தது. 1947-இல் அதே கரையருகே லேசாக ஆடிப் பெரிய சுனாமியை எழுப்பிய நிலநடுக்கங்கள் நடந்திருக்கின்றன. மெதுவாக நழுவுகிற இடம் என்பதால் அது பாதுகாப்பான இடம் ஆகிவிடாது. 2010 அக்டோபர் 25-இல் சுமத்ராவின் மென்டாவாய் தீவுகளில் 7.8 அளவில் வந்ததும் இப்படித்தான். ஆட்டம் மிதம், அலை பெரிது, நானூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

படி 9: பவளத்தையும் மணலையும் படித்தல்

ஜி.பி.எஸ். வந்து முப்பது சொச்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. அகழியின் கணக்கு நூற்றாண்டுகளில் ஓடுகிறது. அதற்குப் பவளம் உதவுகிறது. ஆழமில்லாத கடலில் வளரும் தட்டைப் பவளம், மிகத் தாழ்ந்த நீர்மட்டத்துக்கு மேல் வளராது. தரை அமிழ்ந்தால் மேலே வளர இடம் கிடைக்கும், தரை எழும்பினால் உச்சி செத்துவிடும். குறுக்கே அறுத்தால் ஆண்டு வளையங்களில் தரையின் ஏற்ற இறக்கம் எழுதியிருக்கும். சுமத்ராவுக்கு அருகே சிமலுவே தீவின் பவளங்களை இப்படிப் படித்து, 2021-இல் மாலிக்கும் சிங்கப்பூர் புவி ஆய்வகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்களும் 1829 முதல் 1861 வரை 32 ஆண்டுகள் நீடித்த ஒரு மெது நழுவலைக் கண்டார்கள். 1861-இல் சுமார் 8.5 அளவில் வந்த நிலநடுக்கத்தோடு அது முடிந்தது.

அதே சிமலுவே மக்கள் 1907 சுனாமியின் நினைவைப் பாட்டாகவும் கதையாகவும் காப்பாற்றி வந்தவர்கள். ‘ஸ்மோங்’ என்பார்கள். தரை நெடுநேரம் ஆடி, கடல் பின்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்பதுதான் சாரம். 2004-இல் நிலநடுக்க மையத்துக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தும், பல்லாயிரம் பேர் வாழும் அந்தத் தீவில் இறந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நாகையில் கடல் உள்வாங்கியதை வேடிக்கை பார்க்கப் போனவர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தத் தீவும் நினைவுக்கு வருகிறது.

நம் மண்ணிலும் ஏடு இருக்கிறது. பழைய காவிரிப்பூம்பட்டினத்தில் குழி தோண்டிப் படித்த சி.பி. ராஜேந்திரன் குழுவினர், சுமார் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய, சோழர் கால சுனாமி மணல் அடுக்கை 2011-இல் வெளியிட்டார்கள். புயல் மணலா, சுனாமி மணலா என்று பிரிப்பதுதான் கடினம். நம் கரைக்கு 1952, 1977 புயல்களும் 2018 கஜாவும் மணல் கொண்டுவந்து கொட்டியிருக்கின்றன. சுனாமி மணலின் அடிவிளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் கூர்மையாக இருப்பதுண்டு, கீழே பருமணலும் மேலே நுண்மணலுமாகப் படியும், அடியிலிருந்து பிய்த்த களிக்கட்டிகளும் ஆழ்கடல் நுண்ணுயிர் ஓடுகளும் கலந்திருக்கும். ஒரு அடையாளத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. தொல்லியல் இடங்களில் அனுமதியின்றித் தோண்டவும் கூடாது. குளம் தூர்வாரும்போதும், கடைக்கால் எடுக்கும்போதும், ஆற்றங்கரை சரியும்போதும் வெட்டுமுகம் தானாகவே கிடைக்கும். அளவுகோல் வைத்துப் படமெடுத்து, ஒவ்வொரு அடுக்கின் தடிமனையும் குறித்து வையுங்கள்.

ஆவணங்களையும் தேடுங்கள். 1881 டிசம்பர் 31-இல் கார் நிக்கோபார் அருகே நிலநடுக்கம் வந்தபோது எழுந்த அலையை நாகப்பட்டினத்தின் ஓதமானியும் (கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் கருவி) பதிவு செய்திருக்கிறது. அந்தப் பழைய ஓதப் பதிவுகளிலிருந்து ஆர்டிஸும் பில்ஹமும் அதன் அளவை 7.9 என்று கணக்கிட்டு 2003-இல் வெளியிட்டார்கள். அதற்கடுத்த ஆண்டுதான் 2004.

படி 10: சொல்லலாமா, சொல்லக் கூடாதா

மெது நழுவல் வந்தால் பெரிய நிலநடுக்கம் வரப்போகிறது என்று அர்த்தமா? இரண்டு பக்கமும் சான்று உண்டு. 2011 மார்ச் 11 ஜப்பானின் தொஹோகு, 2014 ஏப்ரல் 1 சிலியின் இக்கிக்கே, இரண்டுக்கும் முன் மெதுவான நழுவல் நடந்ததாக ஆய்வுகள் காட்டின. மறுபக்கம், வான்கூவர் பகுதியில் பல்லுக்குப் பல் மெது நழுவல் வந்துபோகிறது, அங்கே கடைசிப் பெரிய நிலநடுக்கம் 1700-இல். 2024 ஆகஸ்ட் 8-இல் 7.1 அளவு நிலநடுக்கத்துக்குப் பிறகு ஜப்பான் முதல்முறையாக நன்காய் அகழிக்குக் கவன அறிவிப்பு விடுத்தது. ஒரு வாரம் கழித்து ஒன்றும் நடக்காமல் விலக்கிக்கொண்டது. வாய்ப்பு கூடியிருக்கிறது என்று சொல்லலாம். இன்ன தேதி என்று சொல்ல யாராலும் முடியாது. படி 2-இல் எழுதிய இருபது ரப்பர் நீளங்களை எடுத்துப் பாருங்கள், இருபத்தோராவது தாவல் எப்போது என்று உங்களால் சொல்ல முடிகிறதா? டிசம்பர் மாதம் வந்தால் வாட்ஸ்அப்பில் தேதி போட்டு வரும் சுனாமிச் செய்திகளுக்கு நான் காட்டுவது இந்த நோட்டைத்தான்.

நிகழ்ந்த பின் எச்சரிப்பது வேறு வேலை, அது நன்றாகவே நடக்கிறது. ஐதராபாத்தில், கடல்சார் தகவல் தரும் மத்திய அரசு நிறுவனமான இன்காய்ஸின் சுனாமி எச்சரிக்கை மையம் 2007 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. அந்தமான் அகழியில் கிளம்பும் அலை நமக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அறிவிப்பு அதற்கு வெகு முன்பே வரும். அறிவிப்பைப் படிக்கும்போது அளவை மட்டும் பார்த்து நின்றுவிடாதீர்கள். இடம் கடலா தரையா, ஆழம் எவ்வளவு, அகழிக்கு எந்தப் பக்கம், நம் மாவட்டத்தின் பெயர் இருக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினால் அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டாம்.

அக்கரைப்பேட்டைப் பெரியவரிடம் படி 3-இன் வரைபடத்தை அச்செடுத்துக் கொடுத்தேன். வலைக்கூடத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார். இப்போதெல்லாம் நிக்கோபார் பக்கம் நிலநடுக்கம் என்று போனில் செய்தி வந்தால், எந்த நேரமானாலும் அவரிடமிருந்து அழைப்பு வரும். அளவு எவ்வளவு என்று கேட்பதில்லை. “தம்பி, பள்ளத்துக்கு மேக்கயா, கெழக்கயா?”